வீட்டில் செய்த துவக்கும் மாறிவரும் சட்டமும்

மீளக் குடியேறிய குடும்பம் ஒன்று காணியைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, முதலாவது விதைப்பையும் முடித்த பின்னர்தான் அடுத்த பிரச்சினை கண்ணுக்குத் தெரிகிறது. பத்து, இருபது வருடங்களாக ஆளில்லாமல் கிடந்த ஊரில் காடு வயல் வரம்பு வரை வந்துவிட்டது. காட்டோடு பன்றியும் மரையும் குரங்கும், சில இடங்களில் யானையும் வந்துவிட்டன. கடன்பட்டு நட்ட மரவள்ளியை ஓர் இரவில் பன்றி கிண்டிவிட்டுப் போனால், அந்தக் குடும்பத்துக்கு மறுபடியும் நிவாரணக் காலம் தொடங்கிவிடுகிறது. இன்னமும் சொந்த ஊருக்குப் போக முடியாமல் உறவினர் காணியிலோ குத்தகைக் காணியிலோ பயிர் செய்பவர்களின் நிலையும் இதுதான்.

விவசாயிகளின் கூட்டங்களில் பசளை, விதைநெல், வாய்க்கால் பற்றியெல்லாம் உரத்துப் பேசுவார்கள். பன்றியை எப்படித் தடுப்பது என்ற கட்டம் வந்தவுடன் குரல் தாழ்ந்துவிடும். “அண்ணை, ஒரு கட்டுத்துவக்கு இருந்தால்...” என்று யாராவது தொடங்கி வசனத்தை முடிக்காமல் விடுவார். மற்றவர்கள் நிலத்தைப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த, எவரும் பேசாத இந்த விடயத்தை இந்தப் பக்கத்தில் வெளிப்படையாகப் பேசுவதே நல்லது என எண்ணுகிறோம்.

யுத்தத்திற்கு முன்னர் எமது விவசாயக் கிராமங்களில் துவக்கு இரண்டு விதமாக இருந்தது. ஒன்று, கச்சேரி மூலம் அனுமதி பெற்று வாங்கிய 12 போர் துவக்கு. ஊருக்கு ஓரிரண்டு பேரிடம் இருக்கும். வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிப்பார்கள்; அந்தத் துவக்குக்காரர் பரணில் இருந்தால் சுற்றியுள்ள வயல்காரரும் நிம்மதியாகப் படுப்பார்கள். மற்றது, கொல்லன் பட்டறையில் குழாய் பிடித்துச் செய்த இடியன். வாய்ப்பக்கத்தால் மருந்து இடிப்பதனால் வந்த பெயர் அது. அனுமதி இல்லாவிட்டாலும், யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும், விதானையாருக்கும் தெரியும். சில கொல்லர்களுக்கு அது கைத்திறமையின் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏர்முனையும் மண்வெட்டியும் அடித்த கையே அதையும் அடித்தது.

போர் வந்தபோது இந்த ஒழுங்கு முழுவதும் குலைந்தது. அனுமதி பெற்ற துவக்குகளைச் சிலர் பொலிஸில் ஒப்படைத்தார்கள். சிலரிடமிருந்து ஆயுதம் தாங்கியோர் பறித்துச் சென்றார்கள். சிலர் இடம்பெயரும் வழியில் கைவிட்டார்கள். திரும்பி வந்தபோது அனுமதிப்பத்திரமும் இல்லை, துவக்கும் இல்லை, அதைச் சரியாகக் கையாளத் தெரிந்த பெரியவரும் பல இடங்களில் உயிரோடு இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கட்டுத்துவக்கு பெருகியது. வேலியோரம் கட்டி நூலை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்பதே அதன் கவர்ச்சி. காவலுக்கு ஆள் தேவையில்லை. கணவனை இழந்த பெண் நடத்தும் தோட்டத்தில், நோயாளியான முதியவரின் சேனையில், இந்தக் கவர்ச்சியை நாம் இலேசாக எடுத்தெறிந்து பேச முடியாது.

ஆனால் கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. விறகுக்குப் போன பெண்ணையும், தேன் எடுக்கப் போனவரையும், மாடு தேடிப் போன பிள்ளையையும் அது பன்றியாகவே காண்கிறது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி வைத்தியசாலைகளுக்கு இவ்வாறு காயப்பட்டு வருவோர் குறித்து மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். பெரும்பாலும் அடிபடுவது கால். சிதறிய எலும்போடு மண்ணும் துணியும் உள்ளே போய்விடுவதால் காயம் அழுகுகிறது. சிலருக்குக் காலையே எடுக்க வேண்டியதாகிறது. வயலில் நின்று பிழைக்கும் குடும்பத்தில் ஒருவருக்குக் கால் போனால் என்ன நடக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மிதிவெடியினால் அதனை ஏற்கெனவே அறிந்தவர்கள் நாம். மிதிவெடி அகற்றிய காணியில் நாமே இன்னொரு மிதிவெடியை நடுவதா? கட்டியவர் பெரும்பாலும் அயலவர், அடிபட்டவரும் அயலவர். ஒரே ஒழுங்கையில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள் அதற்குப் பிறகு ஒன்றின் முகத்தை மற்றது பார்ப்பதில்லை. ஆகவே இதில் எமது நிலைப்பாட்டைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறோம்: எந்தக் காரணத்துக்காகவும் கட்டுத்துவக்கு வைக்கக்கூடாது. வெங்காய வெடியும் அவ்வாறே. தீனிக்குள் வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்கன்று, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினியாகவே சாகிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இந்நாட்டில் துவக்குகளைக் கட்டுப்படுத்தும் அடிப்படைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதும், அனுமதியில்லாமல் துவக்கைச் செய்வதும் திருத்துவதும் குற்றம். வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தனியாக உண்டு. 1979இல் வந்த 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், அதிகாரமின்றி ஆயுதம் செய்வதையும், பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதையும் தனக்குள் கொண்டுவந்தது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் துவக்குச் சட்டத்தின் தண்டனைகளை மேலும் கடுமையாக்கி, சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டு சென்றது.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. பாதாளக் கோஷ்டிகள், கிளர்ச்சிகள், யுத்தம், அரசியல் கொலைகள் என்று நாடு பட்டவை குறைவல்ல. 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் தென்னிலங்கைக் கிளர்ச்சிகளில் உள்ளூரில் செய்த துவக்குகள் பயன்பட்டதை அரசு மறக்காததில் ஆச்சரியமில்லை. எமது குறை வேறு. இத்தனை மாற்றங்களிலும் தண்டனையின் பக்கமே நீண்டுகொண்டு போனது. பயிரைக் காக்க நேர்மையான வழியில் அனுமதி கேட்டு வருபவருக்கான பக்கம் அதே இடத்தில் நின்றது. தெற்கில் ஒரு சேனைக்காரரிடம் இடியன் பிடிபட்டால் அது நீதவான் நீதிமன்றத்தில் துவக்குச் சட்ட வழக்கு. யுத்த காலத்தில் வன்னியிலோ மட்டக்களப்பின் படுவான்கரையிலோ அதே இடியன் பிடிபட்டால் அது பயங்கரவாதமாகவும் பார்க்கப்படலாம் என்ற பயத்தில் எமது மக்கள் வாழ்ந்தார்கள். பயந்தவன் ஒப்படைக்க மாட்டான்; ஒளிப்பான். ஒளித்து வைத்திருப்பதை ஒருபோதும் கையில் எடுத்துக்கொண்டு காவலுக்குப் போகமாட்டான். இரவில் காட்டோரம் கட்டிவிட்டு வருவான். சட்டம் கடுமையாகியதால் இடியன் குறைந்து கட்டுத்துவக்கு கூடியது என்று நாம் சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் கிராமங்களில் நாம் காண்பது இதற்கு மாறாக இல்லை.

அனுமதி பெறும் வழியைத்தான் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று விண்ணப்பிப்பவர் கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், பொலிஸ், பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் என்று ஏறி இறங்கி, முடிவுக்காகப் பாதுகாப்பு அமைச்சைப் பார்த்திருக்க வேண்டும். காணிக்குச் சொந்தக்காரர் என்பதைக் காட்ட உறுதியோ உத்தரவுப் பத்திரமோ வேண்டும். இடம்பெயர்ந்தவரிடம் அது எங்கே இருக்கிறது? சிலருடையது முள்ளிவாய்க்கால் மணலில் போயிற்று. சிலருடைய பெர்மிட் இறந்துபோன தந்தையின் பெயரில் இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் காணிகளில் சில காடாகிவிட்டன. இப்போது அது காணியா காடா என்பதிலேயே திணைக்களங்களுக்கிடையே வழக்கு. காணியின் எல்லையையே நிரூபிக்க முடியாதவர் அதைக் காக்கத் துவக்கு வேண்டும் என்று எப்படி நிரூபிப்பார்? ஓர் அலுவலகத்தில் எம்முடன் வந்த விவசாயி ஒருவரிடம், “பன்றி வந்ததற்கு ஆதாரம் என்ன?” என்று கேட்டார்கள். அவர் மறுநாள் கிண்டிய மரவள்ளிக் கிழங்கை உரப்பையில் போட்டுக்கொண்டு போனார். அது கோப்பில் சேர்க்கத்தக்க ஆவணமல்ல என்று பதில் வந்தது.

துவக்கை வீட்டில் செய்வது வேறொரு நாட்டில் பொழுதுபோக்கு என்பதை எமது வாசகர்களில் பலர் அறியாதிருக்கலாம். அமெரிக்காவில் சிலர் ஓய்வு நேரத்தில் தச்சுவேலை செய்வதைப்போலத் துவக்கு செய்கிறார்கள். விற்பதற்கல்லாமல் தன் பாவனைக்கு ஒருவர் துவக்கு செய்துகொள்வதற்கு அந்நாட்டின் மத்திய சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. 1963இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துவக்கு தபால் மூலம் வாங்கப்பட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபேர்ட் கென்னடியும் கொல்லப்பட்டனர். அவ்வருடமே வந்த துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம், செய்து விற்கும் கம்பனிகள் ஒவ்வொரு துவக்கிலும் தொடர் இலக்கம் பொறிக்க வேண்டும், விற்பனையைப் பதிய வேண்டும் என்றது. வீட்டில் செய்பவரை அது தொடவில்லை. அவர்கள் அப்போது சொற்பம், வேலையும் கடினம்.

பின்னர் வியாபாரிகள் புகுந்தார்கள். எண்பது வீதம் முடித்த பாகங்களையும் துளையிடும் கருவியையும் ஒரே பெட்டியில் வைத்து, ‘இது துவக்கல்ல, வெறும் பாகம்தான்’ என்று சொல்லி இலக்கமும் இல்லாமல், வாங்குபவர் யாரென்று விசாரிக்காமலும் விற்றார்கள். அவ்வாறான பெட்டியொன்றை அனுபவமில்லாத ஒருவர் 21 நிமிடத்தில் துவக்காக்கியதாக அந்நாட்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிப்பு உண்டு. கைத்திறமைக்காரர் மட்டுமன்றிக் குற்றவாளியும் வாங்கினான். 2017இல் பொலிஸார் மூலம் கண்டறிய அனுப்பப்பட்ட இலக்கமற்ற துவக்குகள் ஏறத்தாழ 1,600. 2021இல் அது 19,000ஐத் தாண்டியது. ஆகவே 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய விதி, இலகுவில் துவக்காக்கக்கூடிய அந்தப் பெட்டிகளையும் துவக்காகவே கொள்ளவேண்டும் என்றது. விற்பவருக்கு அனுமதி வேண்டும். பாகத்தில் இலக்கம் வேண்டும். வாங்குபவரின் பின்னணி சோதிக்கப்பட வேண்டும்.

பொழுதுபோக்குக்காரர் கொதித்தார்கள். நூற்றாண்டுக் கணக்கான பழக்கத்தில் யாரோ செய்த குற்றத்துக்காகத் தம்மீது கைவைப்பதாகச் சொன்னார்கள். அவர்களது குறையில் உண்மை இல்லாமலில்லை. சாமான் வாங்கும் கடைகள் சில மூடப்பட்டன, படிவமும் காத்திருப்பும் கூடின. கலிபோர்னியா மாநிலத்தில் 2018 யூலை முதல், வீட்டில் செய்ய முன்னரே அரசிடம் இலக்கம் பெறவேண்டும் என்ற விதியும் இருந்தது. வழக்கு கீழ் நீதிமன்றங்களில் அவர்களுக்குச் சாதகமாகவே போயிற்று. ஆனால் 2025 மார்ச் 26ஆந் திகதி உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் விதியை ஏற்றுக்கொண்டது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் நீல் கோர்சச் இலகுவான உதாரணம் ஒன்றைக் காட்டினார்: பூட்டப்படாத பாகங்களாக வாங்கும் மேசையையும் நாம் மேசை என்றுதான் சொல்கிறோம்.

அங்கே துவக்கு வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை. அந்த நிலை இங்கும் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. துவக்கினால் எமது மக்கள் இழந்தது போதும். ஆனால் இரண்டு விடயங்களை அவதானிக்க வேண்டும். முதலாவது, விதியின் பாரம் யார்மேல் விழுந்தது? பெட்டி விற்றுப் பணம் பார்த்தவர்மேல். இரும்புத் துண்டிலிருந்து தானே கடைந்து செய்பவரை மத்திய விதி குற்றவாளியாக்கவில்லை. இரண்டாவது, விதி வருமுன்னர், 2021 மே மாதத்தில் அதன் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள்; இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் போய்ச் சேர்ந்தன. பொழுதுபோக்கு பாதிக்கப்படும் மனிதருக்கு அங்கே இவ்வளவு கேள்வி. இங்கே சோறு பாதிக்கப்படும் மனிதரிடம் எந்தத் திருத்தத்தின்போது யார் கருத்துக் கேட்டார்கள்? எமது விவசாயி சட்டம் மாறியதை அறிவது பொலிஸ் ஜீப் படலையடியில் நிற்கும்போதுதான்.

வேட்டைத் துவக்குக்கும் கட்டுத்துவக்குக்கும் சட்டத்தின் அணுகுமுறையில் வேறுபாடு இருக்க வேண்டும் என்பது எமது எண்ணம். ஆளில்லாமல் வெடிக்கும் பொறியை எவர் வைத்தாலும் கடுமையாகத் தண்டிக்கட்டும். அதற்கு நாம் ஆதரவு. அதைச் செய்து பணத்துக்கு விற்பவரையும், பன்றி இறைச்சி வியாபாரத்துக்காகக் காட்டுக்குள் வரிசையாகக் கட்டுவிப்பவரையும் முதலில் பிடிக்கட்டும். பிடிபடுவது எப்போதும் கூலிக்குக் கட்டியவனும் கால் போனவனுமாகவே இருக்கிறார்கள். மறுபக்கத்தில், ஒரு கமக்காரர் அமைப்புக்கு ஒன்றிரண்டு துவக்குகளுக்குக் கூட்டாக அனுமதி வழங்கி, பயிற்சி பெற்ற பொறுப்பான ஒருவரிடம் பாரங்கொடுத்து, அறுவடை முடிந்ததும் பொலிஸ் நிலையத்தில் வைக்கும் ஒழுங்கு ஒன்றை ஏன் பரீட்சித்துப் பார்க்கக்கூடாது? உறுதி இல்லாதவருக்குக் கமநல சேவை நிலையத்தின் பயிர்ச்செய்கைப் பதிவு போதாதா? மானியப் பசளைக்குப் போதுமான பதிவு, பயிர்க் காவலுக்கு மட்டும் போதாமற் போவது ஏன்?

ஒப்படைப்புக்கான பொதுமன்னிப்பும் அவ்வாறே. 2020 பெப்ரவரியில் ஒரு வாரம் கொடுத்தார்கள். நகரத்தில் பத்திரிகை படிப்பவருக்கு ஒரு வாரம் போதும். உடையார்கட்டிலோ வாகரையிலோ இருப்பவருக்குச் செய்தி வந்துசேரவே அந்த வாரம் போய்விடும். பொலிஸில் நேரே கொடுக்கப் பயப்படுபவர்கள் கிராம அலுவலர் மூலமோ, மதத் தலைவர் ஒருவர் மூலமோ கொடுக்க வழி இருந்தால், பரணிலும் பற்றைக்குள்ளும் கிடக்கும் பல பழைய குழாய்கள் வெளியே வரும். பட்டறைக் கொல்லருக்கு வேறு வேலை கொடுப்பதும் இதனோடு சேர்ந்தது. வேலிக் கம்பிக்குரிய இரும்புக் காலை அவரால் அடித்துத் தர முடியாதா?

வேலி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். துவக்கினால் யானையை நிறுத்த முடியாது என்பதை அனுபவத்தில் கண்டோம். 2023இல் மாத்திரம் இந்நாட்டில் 450க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியில் செய்து காட்டிய முறை வேறு. காட்டின் எல்லையில் திணைக்களம் போடும் வேலிக்குப் பதிலாக, வயலைச் சுற்றி விவசாயிகளே கூடி, விதைப்பிலிருந்து அறுவடை வரை மட்டும் நிற்கும் சூரிய மின்வேலியைப் போட்டுப் பராமரித்தார்கள். தன் வயல் வேலி என்பதால் ஒருவன் இரவில் எழுந்து பார்த்தான். திணைக்கள வேலியை யார் பார்ப்பார்? அவரது தலைமையிலான குழு 2020 டிசம்பரில் கையளித்த தேசிய செயற்றிட்டத்திலும் இம்முறைக்கு இடமுண்டு. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது இதுவல்ல. அது கட்டுத்துவக்கின் தம்பி, மனிதரையும் கொல்லும். 2025 மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணி தொடக்கம் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம். அந்த ஐந்து நிமிடத்தோடு அரசின் அக்கறை நின்றுவிடக்கூடாது.

பழைய அனுமதிப்பத்திரத்தின் பிரதி, துவக்கை ஒப்படைத்தபோது பொலிஸில் தந்த துண்டு, தொலைந்ததற்கான முறைப்பாட்டு இலக்கம் எதுவாயினும் உங்களிடம் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். தந்தையின் பெயரில் இருந்தாலும் வைத்திருங்கள்; பிரதி எடுத்து ஒன்றைப் பிரதேச செயலகத்தில் கடிதத்துடன் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அனுமதி உள்ளவர்கள் அது ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31ஆந் திகதியுடன் காலாவதியாவதை மறவாதீர்கள். காலபோக வேலை நெருக்கும் மாதம் அது, தவறவிட இலகு. காணி துப்புரவாக்கும்போது பழைய துவக்கோ வெடிபொருளோ தட்டுப்பட்டால் தொடாமல், பிள்ளைகளை அண்டவிடாமல், இடத்தை அடையாளப்படுத்திக் கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள். போகும்போது அயலவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களாகச் சென்று அறிவித்தீர்கள் என்பதற்கு அவர் சாட்சி.